தேடச் சொல்லிப் பாருங்கள்: கல்லூரி மாணவரின் தகவல் அறிதிறனை அளக்க ஒரு முழு வழிகாட்டி

நூலக அறிவியல் துறை ஆய்வேடுகள் சிலவற்றைப் புரட்டினால் போதும், பின்னிணைப்பில் இருக்கும் வினாத்தாள் மனப்பாடம் ஆகிவிடும். "இணையத்தில் எனக்கு வேண்டிய தகவலைத் தேடி எடுக்க எனக்குத் தெரியும்: முற்றிலும் உடன்படுகிறேன், உடன்படுகிறேன், கருத்தில்லை..." என்று முப்பது நாற்பது வாக்கியங்கள். மதியச் சாப்பாட்டுக்கு மணியடிக்கும் நேரத்தில் தாளை நீட்டுவார்கள். மாணவர் மேலிருந்து கீழாக டிக் அடித்துக் கொடுத்துவிட்டுப் போவார். சராசரி நாலை ஒட்டி வரும். "மாணவர்களின் தகவல் அறிதிறன் நல்ல நிலையில் உள்ளது, நூலகம் மேலும் பயிற்சி முகாம்கள் நடத்தலாம்" என்று கடைசி அத்தியாயம் முடியும்.

தகவல் அறிதிறன் என்பது வேண்டிய தகவலைத் தேடி, எடைபோட்டு, நேர்மையாகப் பயன்படுத்தும் திறமை. அங்கே அளந்தது தன்னம்பிக்கையை. நீச்சல் தெரியுமா என்று கரையில் நிற்பவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளும் வேலை அது. ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மெலிசா குரோஸ், டான் லேதம் இருவரும் மாணவர்களிடம் "நீங்கள் எவ்வளவு எடுப்பீர்கள்?" என்று கேட்டுவிட்டு, பிறகு உண்மையான தேர்வும் வைத்துப் பார்த்தார்கள். தேர்வில் கீழே இருந்தவர்கள்தான் தங்களைப் பற்றி மிகக் கூட்டி மதிப்பிட்டிருந்தார்கள். ஆக, யாருக்குப் பயிற்சி அவசரமாகத் தேவையோ அவர்களைத்தான் கருத்துக்கணிப்பு மறைத்துவிடுகிறது.

இந்த வழிகாட்டி ஒரு கலை அறிவியல் கல்லூரி நூலகரையும், அவரோடு கைகோக்கும் ஒரு ஆசிரியரையும் மனத்தில் வைத்து எழுதியது. ஒரு செமஸ்டரில் முடிக்கலாம். பணம் பெரிதாகத் தேவையில்லை.

முதல் படி: எதற்காக அளக்கிறீர்கள்?

முதலாமாண்டுக்கு வாரம் ஒரு நூலக வகுப்பு கேட்டுத் துறைத்தலைவர்களிடம் பேசப் போகிறீர்களா? நடத்திய பயிற்சி பலித்ததா என்று பார்க்கிறீர்களா? முதுகலை மாணவர் ப்ராஜெக்ட் எழுதத் தயாரா என்று தெரிய வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் கருவி வேறு. கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்புக்கான கோப்பில் வைக்க ஒரு அறிக்கை மட்டும் போதும் என்றால் அதை வெளிப்படையாக ஒத்துக்கொண்டு சின்னதாக ஒன்று செய்துவிடுங்கள். கீழே சொல்லும் உழைப்பு அதற்கு வேண்டியதில்லை.

இரண்டாம் படி: எந்தத் திறன்கள்?

அமெரிக்கக் கல்லூரி நூலகர் சங்கமான ஏ.சி.ஆர்.எல். 2000இல் ஐந்து தரநிலைகள் வகுத்தது: தேவையைத் தீர்மானித்தல், தேடி அடைதல், எடைபோடுதல், பயன்படுத்துதல், சட்டமும் நேர்மையும் அறிந்து நடத்தல். 2016இல் அதை ஓரம் கட்டி, ஆறு கருத்துச் சட்டகங்கள் கொண்ட புதிய வரைவை ஏற்றுக்கொண்டது. அதிகாரம் சூழலைப் பொறுத்தது, ஆராய்ச்சி என்பது தொடர்ந்து கேள்வி கேட்பது, புலமை என்பது ஓர் உரையாடல் என்றெல்லாம் போகும். படிக்க அருமை. ஆனால் "புலமை ஓர் உரையாடல் என்பதை உணர்ந்திருக்கிறார்" என்பதற்கு எப்படி மதிப்பெண் போடுவது? முதன்முறை அளப்பவர்கள் பழைய ஐந்தையே எடுத்துக்கொள்வது நல்லது என்பது என் கட்சி. சட்டகங்கள் பாடம் நடத்தும்போது கைகொடுக்கும்.

ஐந்தையும் அளக்கப் போகாதீர்கள். மூன்று போதும்: தேடுதல், எடைபோடுதல், மேற்கோள் தந்து பயன்படுத்துதல். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக எழுதுங்கள். "மின்வளங்கள் பற்றி அறிந்திருப்பார்" என்று எழுதினால் யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. "தலைப்பைக் கொடுத்தால் அரை மணி நேரத்தில் முழுப் பாடத்தோடு இரண்டு ஆய்வுக் கட்டுரைகளை எடுத்து, அவை ஏன் பொருந்தும் என்று இரண்டு வரி எழுதுவார்" என்று எழுதினால் நடந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: மாணவரைச் சோதிக்கும் முன் கல்லூரியைச் சோதியுங்கள்

இதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. மின்னிதழ்களும் மின்னூல்களும் படிக்க உங்கள் கல்லூரிக்கு என்-லிஸ்ட் இருக்கிறதா, டெல்நெட்டா, அரசு நிறுவனங்களுக்கு 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா'வா? அதற்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மாணவர் கைக்குப் போயிருக்கிறதா? ஒரு நாள் நீங்களே மாணவராக மாறி, அவர் வைத்திருக்கும் மாதிரியான போனில், கல்லூரிக்கு வெளியே நின்று ஒரு கட்டுரையைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால், மாணவர் வாங்கப்போகும் குறைந்த மதிப்பெண்ணில் பாதி கல்லூரியின் கணக்கில் எழுத வேண்டியது.

மொழியும் அப்படித்தான். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வந்தவரிடம் ஆங்கிலத்தில் மட்டும் வினாத்தாள் கொடுத்தால் வெளியே வருவது ஆங்கில மதிப்பெண். கேள்வியை இரு மொழியிலும் அச்சடியுங்கள், பதில் எந்த மொழியில் இருந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். தமிழில் ஆதாரம் கிடைக்கும் தலைப்பு ஒன்றாவது இருக்கட்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஏறியிருக்கும் தமிழ்த்துறை ஆய்வேடுகளும், ஈழத்து நூல்களுக்கு 'நூலகம்' என்ற இணையதளமும் அதற்குப் போதிய தீனி தரும்.

தமிழில் தேடுவதே தனித் திறமை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'கோயில்' என்று தேடிக் கிடைக்காதது 'கோவில்' என்றால் வரலாம். 'தஞ்சை', 'தஞ்சாவூர்' இரண்டையும் போட வேண்டியிருக்கும். 'சோழர்', 'சோழர்கள்', 'சோழர்களின்' என்று விகுதி ஏற ஏறப் பல தேடுபொறிகள் அவற்றை வேறு வேறு சொல்லாகப் பார்க்கும். படமாக மட்டும் ஸ்கேன் செய்த பழைய புத்தகத்தின் உள்ளே இருக்கும் சொல் தேடலில் அகப்படவே அகப்படாது. அங்கே ஆசிரியர் பெயரையும் நூற்பெயரையும் வைத்துத்தான் நுழைய வேண்டும். யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் ஏற்றிய கோப்புகளுக்கும் இதே கதி. அமெரிக்காவில் தயாரான எந்தத் தேர்விலும் இந்தக் கேள்விகள் கிடைக்காது, நாம்தான் எழுத வேண்டும்.

நான்காம் படி: சிறு தேர்வு

கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான சேல்ஸ் போன்ற ஆயத்தத் தேர்வுகள் உண்டு. அவற்றின் அமைப்பைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். கேள்விகள் அந்த ஊர் நூலகத்துக்கு ஏற்றவை. நீங்களே இருபது கேள்வி எழுதுங்கள். முப்பது நிமிடம் போதும்.

நல்ல கேள்வியின் உயிர் அதன் தவறான விடைகளில் இருக்கிறது. மாணவர் வாயில் வழக்கமாக வரும் தவறுகளையே தெரிவுகளாக வையுங்கள். ஓர் எடுத்துக்காட்டு: "உங்கள் ஆய்வேட்டுக்கு மென்பொருள் 8 சதவீத ஒற்றுமை காட்டுகிறது. இதற்கு என்ன பொருள்?" தெரிவுகள்: கருத்துத் திருட்டு இல்லை என்று உறுதியாகிவிட்டது, 2 சதவீதம் இன்னும் எடுத்துக்கொள்ளலாம், ஒத்துப்போகும் பகுதிகளைத் திறந்து பார்த்தால்தான் சொல்ல முடியும், மென்பொருள் தவறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறையில் 10 சதவீதம் வரை தண்டனை இல்லை என்று இருப்பதை, பத்து சதவீதம் நமக்கு ஒதுக்கிய கோட்டா என்று எடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். இரண்டாவது தெரிவை எத்தனை பேர் தொடுகிறார்கள் என்று பாருங்கள், அடுத்த வகுப்பில் என்ன நடத்த வேண்டும் என்பது அங்கேயே தெரியும்.

முதலில் ஒரு வகுப்பில் வெள்ளோட்டம் விடுங்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சரியாகச் சொன்ன கேள்வியையும், ஐந்தில் ஒருவர்கூடச் சொல்லாத கேள்வியையும் எடுத்துவிடலாம். அடுத்து, மொத்த மதிப்பெண்ணில் மேலே உள்ள 27 சதவீதத்தினரையும் கீழே உள்ள 27 சதவீதத்தினரையும் பிரியுங்கள். 60 பேர் என்றால் அணிக்கு 16 பேர். ஒரு கேள்விக்கு மேல் அணியில் 13 பேரும் கீழ் அணியில் 11 பேரும் சரியாகச் சொன்னால் வித்தியாசம் 2, பதினாறால் வகுத்தால் 0.125. திறமையுள்ளவரையும் இல்லாதவரையும் அந்தக் கேள்வி பிரிக்கவில்லை. 0.2க்குக் கீழே வந்தால் திருத்தி எழுதுங்கள். கீழ் அணி மேல் அணியை மிஞ்சினால் கேள்வி குழப்பமாக இருக்கிறது, அல்லது விடைக்குறிப்பே தப்பு.

ஐந்தாம் படி: செய்து காட்டச் சொல்லுதல்

முழு வேலையின் சாரமும் இங்கேதான். நேரம் குறைவு என்றால் நாலாம் படியை விட்டுவிட்டு இதை மட்டும் செய்யுங்கள்.

மாணவருக்கு ஒரு வாக்கியம் கொடுங்கள்: "தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது." இருபது நிமிடம். போனோ கணினியோ, எதை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். கூடவே மூன்று கட்டம் உள்ள ஒரு தாள்: என்ன சொல் போட்டுத் தேடினீர்கள், எதைத் திறந்தீர்கள், அதை ஏன் நம்பினீர்கள் அல்லது தள்ளினீர்கள். முடிந்தால் திரையைப் பதிவு செய்யச் சொல்லுங்கள், மாணவரின் சம்மதத்தோடு.

இந்த வாக்கியம் பள்ளிக்காலத்திலிருந்தே காதில் விழுந்துகொண்டிருப்பது. உண்மையில் நிழல் விழுகிறது. வெயில் சாய்ந்த நேரத்தில் கோயில் வளாகத்தில் நிற்பவர் யாரும் பார்க்கலாம், படங்களும் இருக்கின்றன. ஆனால் வாக்கியத்தை அப்படியே தேடுபெட்டியில் போட்டால் அதை ஆமோதிக்கும் பக்கங்கள் வரிசையாக வந்து நிற்கும். பத்துத் தளம் ஒரே செய்தியைச் சொன்னால் பத்துச் சாட்சி என்று எழுதுபவர் இருப்பார். பத்தும் ஒரே பத்தியை வெட்டி ஒட்டியவை என்று கண்டுபிடிப்பவர் இருப்பார். அவருக்கும் மேலே ஒருவர், தேடும் சொல்லையே மாற்றுவார்: விமானம், நிழல், மாலை, புகைப்படம். அல்லது கோயிலைப் பற்றித் தொல்லியல் துறையோ கல்வெட்டு ஆய்வாளரோ எழுதியதில் இப்படி ஒரு செய்தி இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பார். இந்த மூவரையும் தெரிவு வினாத்தாள் பிரித்துக் காட்டாது.

ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்கும் சாரா மெக்ரூவும் 10 வரலாற்றாசிரியர்கள், 10 தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள், 25 ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் என 45 பேரிடம் இணையப் பக்கங்களைக் காட்டி, எதை நம்பலாம் என்று கேட்டுப் பார்த்தார்கள். மாணவர்களும், முனைவர் பட்டம் வாங்கிய வரலாற்றாசிரியர்கள் பலரும் அதே பக்கத்தில் மேலும் கீழும் உருட்டி, வடிவமைப்பையும் சின்னத்தையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் பக்கத்தை விட்டு உடனே வெளியேறினார்கள். புதிய தாவலில் அந்த அமைப்பைப் பற்றி மற்றவர் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். உங்கள் பதிவிலும் முதலில் இதைக் கவனியுங்கள்: மாணவர் எந்த நிமிடத்தில் பக்கத்தை விட்டு வெளியே வந்தார்?

இங்கே ஒரு சிக்கல் வரும். வகுப்பில் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் இருந்தால், "நானே பார்த்திருக்கிறேன், விழும்" என்று பத்து வினாடியில் எழுதிவிடுவார். விடை சரி, தேடும் திறன் தெரியவில்லை. அதனால் கேள்வியில் ஒரு வரி சேருங்கள்: "தஞ்சாவூருக்கே போகாத ஒருவர் ஏற்றுக்கொள்ளும்படி ஆதாரம் கொடுங்கள்." மதிப்பெண் விடைக்கு இல்லை, அந்த ஆதாரத்துக்கு.

முதுகலை மாணவர்களுக்கு இன்னொரு பணி. ஐந்து கட்டுரைகளின் விவரம் கொடுங்கள்: ஆசிரியர், தலைப்பு, இதழ், ஆண்டு, கட்டுரைக்கான நிரந்தர அடையாளமான டி.ஓ.ஐ. எண். மூன்று உண்மையானவை. இரண்டு செயற்கை நுண்ணறிவு உரையாடியிடம் ஒரு குறுகலான தலைப்பில் கேட்டு வாங்கியவை. அவை எங்கும் இல்லை என்று நீங்கள் டி.ஓ.ஐ. பதிவேடான கிராஸ்ரெஃப், கூகுள் ஸ்காலர், அந்த இதழின் தளம் மூன்றிலும் பார்த்து உறுதி செய்திருக்க வேண்டும். "எவை இருக்கின்றன, எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?" என்பதே கேள்வி. இது கற்பனைச் சிக்கல் இல்லை. 2023இல் நியூயார்க் நீதிமன்றத்தில், சாட்ஜிபிடி தந்த இல்லாத தீர்ப்புகளை மனுவில் எழுதிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. டி.ஓ.ஐ. எண்ணைத் திறந்து பார்த்து, அது வேறொரு கட்டுரைக்குப் போகிறது என்று கண்டுபிடிப்பவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். "அதே உரையாடியிடம் கேட்டேன், உண்மைதான் என்று சொன்னது" என்று எழுதுபவரும் இருப்பார். அந்தத் தாளைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், துறைத்தலைவரிடம் காட்ட அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

ஆறாம் படி: துணைநூற்பட்டியலைப் படியுங்கள்

இதற்கு மாணவர் ஒரு நிமிடம்கூடச் செலவிட வேண்டாம். போன ஆண்டு வந்த ப்ராஜெக்ட்களில் முப்பதை அலமாரியிலிருந்து எடுங்கள். பட்டியலில் இருக்கும் நூல் உள்ளே எங்காவது மேற்கோளாக வருகிறதா? உள்ளே மேற்கோளாக வந்தது பட்டியலில் இருக்கிறதா? வெறும் இணைய முகவரியா, ஆசிரியரும் ஆண்டும் உண்டா? பிறகு ஒவ்வொரு ப்ராஜெக்டிலும் மூன்று மேற்கோளைக் குலுக்கி எடுத்து, அந்த மூலத்தைத் திறந்து, மாணவர் சொல்வதை அது சொல்கிறதா என்று பாருங்கள். கடைசி வேலை சலிப்புத்தான். ஆனால் இன்னொரு ஆய்வேட்டின் பட்டியலை அப்படியே இறக்கி வைத்தவர் இங்கேதான் மாட்டுவார். நாற்பது நூல் பட்டியலில் இருக்கும், நூலகத்தில் ஒன்றுகூட அவர் பெயரில் போயிருக்காது. அவற்றை வேறு எங்கும் வாங்கிப் படித்திருக்கலாம்தான், கேட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஏழாம் படி: மதிப்பீட்டு அளவுகோல்

பணிகளைத் திருத்த ஆளுக்கொரு அளவுகோல் ஆகாது. அமெரிக்கக் கல்லூரிகளின் கூட்டமைப்பான ஏ.ஏ.சி.யு. தகவல் அறிதிறனுக்கு நான்கு நிலைகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டிருக்கிறது. அதை மாதிரியாக வைத்து உங்கள் பணிக்கு ஏற்ப எழுதுங்கள். நிழல் பணிக்கு இப்படி எழுதலாம். 0: ஆதாரம் இல்லை, அல்லது "எல்லோரும் சொல்கிறார்கள்". 1: ஒரு பக்கத்தைக் காட்டுகிறார், ஏன் நம்பினார் என்று சொல்லவில்லை. 2: யார் எழுதியது என்று பார்த்திருக்கிறார், ஒன்றுக்கு மேற்பட்ட மூலத்தை ஒப்பிடுகிறார். 3: மூலங்கள் ஒன்றையொன்று சாராதவையா என்று சோதித்திருக்கிறார், எதிர்ச்சான்றையும் தேடியிருக்கிறார்.

நூலகரும் ஆசிரியரும் ஒரே இருபது தாளைத் தனித்தனியாகத் திருத்துங்கள். எத்தனையில் ஒத்துப்போனது என்று எண்ணுவதோடு, கோஹென் கப்பா என்ற அளவையும் போட்டுப் பாருங்கள். தற்செயலாக ஒத்துப்போவதை அது கழித்துவிடும். இலவசக் கணக்கு மென்பொருள்கள் நொடியில் தரும். 0.6க்கு மேல் வந்தால் மீதித் தாள்களைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். வரவில்லை என்றால் உட்கார்ந்து பேசி அளவுகோலின் சொற்களைத் திருத்துங்கள். பெரும்பாலும் 1க்கும் 2க்கும் நடுவில்தான் சண்டை இருக்கும்.

எட்டாம் படி: யாரை அழைப்பது, எப்படி அழைப்பது

நூலகத்துக்கு வருபவர்களை மட்டும் பிடித்தால் நல்ல பிள்ளைகள் மட்டும் மாட்டுவார்கள். வருகைப் பதிவேட்டிலிருந்து, ஐந்தில் ஒருவர் என்று வரிசை எண் பார்த்து எடுங்கள். இரண்டாம் ஷிப்ட் மாணவர்களை விட்டுவிடாதீர்கள். காலையில் வேலைக்குப் போய்விட்டு வரும் பலருக்கு நூலகம் திறந்திருக்கும் நேரமே கிடைப்பதில்லை. இன்டர்னல் மார்க்கோடு இதை எந்த விதத்திலும் முடிச்சுப் போடக் கூடாது. போட்டால் பக்கத்து பெஞ்சின் விடைதான் உங்களுக்கு வரும். பெயருக்குப் பதில் எண். விருப்பமில்லாதவர் விலகலாம் என்பதைத் தமிழில், தாளின் முதல் வரியிலேயே போடுங்கள்.

ஒன்பதாம் படி: எண்களைப் படித்தல்

தன்மதிப்பீட்டுக் கேள்வியை முழுக்கத் தூக்கி எறிய வேண்டாம். தேர்வுக்கு முன் ஒரே ஒரு கேள்வி: "இருபதில் எத்தனை சரியாக எழுதுவீர்கள்?" முடிந்ததும் உண்மை மதிப்பெண்ணோடு வைத்துப் பாருங்கள். 16 என்று சொல்லி 7 எடுத்தவர்களின் எண்ணிக்கையைத் தனியே எழுதுங்கள். இவர்கள் பயிற்சிக்குத் தானாக வர மாட்டார்கள், பாட நேரத்துக்குள் கொண்டு போனால்தான் உண்டு.

பயிற்சி பலித்ததா என்று பார்ப்பவர்கள் அன்றைக்கே மறுதேர்வு வைப்பது வழக்கம். அது நினைவாற்றலைத்தான் காட்டும். அடுத்த செமஸ்டர் தொடக்கத்தில் வையுங்கள், பயிற்சி பெறாத ஒரு வகுப்பையும் ஒப்பிடச் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்னேற்றத்தைக் கணக்கிட, கூடிய மதிப்பெண்ணைக் கூடியிருக்கக்கூடிய மதிப்பெண்ணால் வகுக்கலாம். நூற்றுக்கு 40இலிருந்து 55க்குப் போன வகுப்புக்கு 15ஐ 60ஆல் வகுத்தால் 0.25. 80இலிருந்து 90க்குப் போன வகுப்புக்கு 10ஐ 20ஆல் வகுத்தால் 0.5. இயற்பியல் ஆசிரியர்கள் ஹேக் என்பவரின் 1998 கட்டுரைக்குப் பிறகு பரவலாகப் பயன்படுத்தும் முறை இது.

மொத்த சராசரியை மட்டும் அறிக்கையில் போட்டால் யாருக்கும் பயனில்லை. "தேடுவதில் நன்றாக இருக்கிறார்கள், எடைபோடுவதில் பாதிப்பேர் 1ஐத் தாண்டவில்லை" என்று திறன்வாரியாகச் சொல்லுங்கள். துறைத்தலைவருக்கு ஒரே பக்கம். அதில் இரண்டு மாணவர் தாள்களின் நகல், பெயர் நீக்கி. மாணவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் முடிவைச் சொல்லிவிடுங்கள். நிழல் விழுகிற படத்தை வகுப்பில் காட்டும்போது எழும் கூச்சலே பாதிப் பாடம் நடத்திவிடும்.

காட்டிவிட்டால் அந்தப் பணி செத்தது. அன்று மாலையே எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் போய்விடும். அடுத்த ஆண்டுக்கு வேறு வாக்கியங்களை இப்போதே சேர்த்து வையுங்கள். ஜனகணமனவை உலகின் சிறந்த தேசியகீதமாக யுனெஸ்கோ அறிவித்தது என்ற பழைய ஃபார்வர்டு ஒன்று. தீபாவளி இரவில் நாசா எடுத்ததாகச் சுற்றும் இந்தியப் படம் இன்னொன்று. அது பல ஆண்டுகளின் இரவு வெளிச்ச வளர்ச்சியைக் காட்ட அமெரிக்க அரசு விஞ்ஞானி ஒருவர் வண்ணம் கொடுத்துச் சேர்த்த கூட்டுப்படம். கூடவே, கேட்டால் பொய் போலத் தோன்றும் உண்மை ஒன்றையும் கட்டாயம் கலந்து விடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் ஆண்டில் எதைக் கொடுத்தாலும் 'பொய்' என்று எழுதிவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.